கடலோர அருங்காட்சியகத்தில் கண்காட்சி அமைப்பது: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரையை ஒட்டிய சிறிய அருங்காட்சியகத்தில் முதன்முறையாகக் கண்காட்சி அமைப்பவர்கள், எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம், எந்தப் பேழையை எந்த மூலையில் வைக்கலாம் என்றுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது காற்று. ஓவியமும் வரலாற்றுப் பொருளும் ஒரே கூடத்தில் இருக்கும்போது, கடற்காற்று ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகத் தாக்கும். அது தெரிந்தபின் தேர்வு, பேழை, விளக்கு, விளக்க அட்டை எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். திறப்பு நாளுக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். அதற்குக் குறைந்தால் முதலில் கைவிடப்படுவது அளவெடுக்கும் வேலைதான். பிறகு மற்ற எல்லாம் ஊகத்தில் நடக்கும்.

1. ஒரு மாதம் அளந்து பாருங்கள்

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிவு செய்யும் சிறு கருவிகள் மூன்று போதும். ஒன்று கூடத்தின் நடுவில், ஒன்று மூடிய பேழைக்குள், ஒன்று கடலைப் பார்த்த வெளிச்சுவரின் உட்புறத்தில். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பதியும்படி வைத்து, குறைந்தது முப்பது நாள் விடுங்கள்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சமையல் உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். அது கரைந்து நீராகிவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் காற்றுப்புகாத பைக்குள் ஒன்றாக வைத்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 71 காட்டினால் அந்த அளவை ஒட்டிய அளவீடுகளோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த 75 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பொருள்மீது படிந்த சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். துடைக்காமல் விட்ட பொருளின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இருப்பதற்கு இதுவே காரணம். துருவும் களிம்பும் அந்தப் படலத்துக்குள்தான் வளர்கின்றன.

பதிவுகளில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே நாளுக்குள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது அதைவிட முக்கியம். நாள் முழுக்க 58 இருக்கும் கூடம், பகலில் 45 ஆகவும் இரவில் 75 ஆகவும் தாவும் கூடத்தைவிட நல்லது. பகலில் மட்டும் ஏசியை ஓட்டி இரவில் அணைப்பதுதான் இந்தத் தாவலுக்கு வழக்கமான காரணம். அணைத்தபின் கசிந்து வரும் ஈரக்காற்று, குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியிலும் உலோகத்திலும் பட்டு வியர்க்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்ட முடியாவிட்டால், கூடத்தை ஏசியிடம் ஒப்படைப்பதை விட்டுவிடுங்கள். பேழைகளை நன்றாக அடைத்து, பேழைக்குள் இருக்கும் காற்றை மட்டும் கட்டுப்படுத்துங்கள். சிறிய நிறுவனங்களுக்கு இதுவே கட்டுப்படியாகும் வழி.

2. ஒரே கேள்வி

"நம் கடலும் கலையும்" போன்ற தலைப்பு எதையும் உள்ளே விடும். எதையும் வெளியே நிறுத்தாது. ஒரே வாக்கியத்தில் கேட்கக்கூடிய கேள்வியாக எழுதிப் பாருங்கள்: இந்தத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வருவது ஏன் நின்றது? கலங்கரை விளக்கம் வந்தபின் இரவு மீன்பிடிப்பு எப்படி மாறியது? ஒரு பொருள் அந்தக் கேள்விக்கு எதையாவது சொன்னால் உள்ளே வரட்டும். அழகாக மட்டும் இருந்தால் கிடங்கிலேயே இருக்கட்டும். அறுபது சதுர மீட்டர் கூடத்துக்கு முப்பது பொருள்கள் போதும் என்பது எங்கள் கணக்கு. ஐம்பதைத் தாண்டினால் பார்ப்பவர் நின்று பார்ப்பதை விட்டு நடக்கத் தொடங்கிவிடுவார்.

ஓவியத்தையும் வரலாற்றுப் பொருளையும் சேர்த்து வைப்பதில்தான் இந்த வேலையின் சுவை. பழைய துறைமுக ஓவியம் ஒன்று, பாய் கட்டிய முறை, கரையில் இருந்த கட்டடம், சரக்கு இறக்கிய விதம் என்று பதிவேடுகள் சொல்லாத பலவற்றைச் சொல்லும். ஆனால் படத்தின் அமைப்புக்காக ஓவியர் குன்றை நகர்த்தியிருப்பார், கப்பலைப் பெரிதாக்கியிருப்பார். அதே காலத்துக் கடல் வரைபடத்தை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இரண்டு விவரங்களைத் தவறாமல் கவனிக்க வேண்டும். ஒன்று, அச்சிட்ட ஆண்டு வேறு, அளவெடுத்த ஆண்டு வேறு. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கலாம். மற்றொன்று, ஆழம் எந்த அலகில் உள்ளது என்பது. பழைய ஆங்கிலேய வரைபடங்களில் பாகம் என்ற அளவு வரும். ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.83 மீட்டர். அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு விளக்க அட்டை எழுதினால் துறைமுகத்தின் ஆழம் பாதியாகிவிடும்.

3. பொருள் உள்ளே வரும்போது

கரையோரக் குடும்பங்களிடமிருந்து வரும் பொருள்கள்தான் இத்தகைய கண்காட்சிக்கு உயிர். அதனாலேயே எழுத்து வேலையில் தளர்வு கூடாது. ஒவ்வொரு இரவலுக்கும் ஒரு தாள் வேண்டும்: யாருடையது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எங்கே வைக்கப்படும், படம் எடுக்கலாமா, சேதமானால் யார் பொறுப்பு. கூடவே நிலை அறிக்கை ஒன்று. முன்புறம், பின்புறம், பக்கங்கள் எனப் படமெடுங்கள்; அளவுகோல் ஒன்றும் படத்துக்குள் இருக்கட்டும். ஓவியமானால் பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் கூடுதலாக எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வண்ண உரிவும் துணியின் மடிப்பும் அதில் தெரியும். வெளியிலிருந்து பெட்டியில் வந்த பொருளை 24 மணி நேரம் திறக்காமல் கூடத்திலேயே விட்டு, பிறகு திறவுங்கள்.

வாங்கிக்கொள்ளும் முன் சட்டத்தைப் பாருங்கள். கடலாமைகள் அனைத்தும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன. கல்பவளங்கள் இரண்டாம் பட்டியலில். 1975இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. ஆமை ஓட்டுச் சீப்போ பவளக்கொத்தோ நாட்டின் எல்லையைத் தாண்டி வருவதானால் உரிய அனுமதி வேண்டும். உள்நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம். கடலடியில் நூறாண்டுக்கு மேல் கிடந்த கலங்களையும் சரக்கையும் 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை பண்பாட்டு மரபுச் சொத்தாகக் கருதுகிறது. வலையில் சிக்கியது என்று ஒருவர் பழங்கலம் கொண்டுவந்தால், எங்கே, எப்போது கிடைத்தது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உரிய துறைக்குத் தெரிவித்தபின்தான் பேழை பற்றிய பேச்சு.

ஆபத்தான பொருள்களும் உண்டு. புதியவர்கள் இவற்றை அறியாமல் கையால் எடுத்துவிடுகிறார்கள்.

- இருட்டில் ஒளிரும் எழுத்துள்ள பழைய திசைகாட்டி, கடிகாரம்: ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி மங்கிப்போனாலும் கதிரியக்கம் இருக்கும். மூடியைத் திறக்காதீர்கள்.
- பழைய காற்றழுத்தமானி, வெப்பமானி: உள்ளே பாதரசம். சாய்த்துத் தூக்காதீர்கள்.
- பாடம் செய்த பறவை, மீன்: பழையவற்றில் ஆர்செனிக் தடவியிருப்பார்கள். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது.
- உள்ளீடற்ற இரும்புப் பீரங்கிக் குண்டு: வெடிமருந்து அப்படியே இருக்கலாம். அதை அசைக்காமல் காவல்துறையை அழையுங்கள்.
- கலங்கரை விளக்கின் கண்ணாடி வில்லை: வெயில் படும் இடத்தில் வைத்தால் ஒளியைக் குவித்துத் தீ மூட்டும். மாட்டும் வரையிலும் தடித்த துணியால் மூடியே வையுங்கள்.

பூச்சி இருக்கிறதோ என்ற ஐயம் உள்ள வலை, கூடை, துணி, இறகு ஆகியவற்றைக் காற்றுப்புகாத பாலித்தீன் பையில் அடைத்து, உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் பொருள்மீதே பனி வியர்க்கும். வண்ணம் தீட்டிய மரம், கேன்வாஸ் ஓவியம், தந்தம் இவற்றுக்கு இந்த முறை ஆகாது.

4. எந்தப் பொருளுக்கு என்ன பகை

கடலிலிருந்து எடுத்த இரும்புதான் மிகத் தொல்லை தரும். கடலுப்பிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடு, காற்றும் ஈரமும் சேர்ந்தால் துருவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்; நங்கூரம் ஓடு ஓடாகப் பெயரும். குளோரைடு நீக்கும் வேதி முறை முடியாத இரும்பை 20 சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதத்தில் வைத்தால்தான் நிற்கும். மேலே ஆரஞ்சு நிற நீர்த்துளிகள் அரும்பினால் பொருள் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய் தடவி மறைப்பது உதவாது. கடலிலிருந்து இப்போதுதான் வந்த இரும்பையும் மரத்தையும் காய விடவே கூடாது. பாதுகாப்பு வல்லுநர் வரும்வரை தண்ணீரிலேயே மூழ்கியிருக்கட்டும். ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவீடனில் 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட வாசா கப்பலின் மரங்கள்மீது, காயும்போது மரம் சுருங்காமல் காக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் தெளித்தார்கள். ஒரு சிறு படகுத் துண்டுக்கும் அதே விதிதான், கால அளவு மட்டும் குறையும்.

வெண்கலத்திலும் பித்தளையிலும் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகக் கிளம்பினால் அது வெண்கல நோய். பழைய கரும்பச்சைப் பூச்சு கெட்டியாக, வழவழப்பாக இருக்கும்; அது பொருளுக்குக் காப்பு. பொடியாக உதிர்வதே நோய். அந்தப் பொருளைப் பிரித்து 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். தேய்த்துப் பளபளக்க வைக்கும் ஆசையை அடக்குங்கள். தேய்த்தால் போவது அழுக்கோடு சேர்ந்து பொருளின் மேற்பரப்பும்தான்.

சிப்பி, சங்கு, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு இவை மூன்றுக்கும் ஒரே எதிரி: மரப்பேழையிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி. சிப்பிகளின்மேல் வெண்பொடி பூப்பதை 1899இல் பைன் என்பவர் விவரித்தார். அவர் அதைத் தொற்றுநோய் என்றே நினைத்தார், இன்றும் அவர் பெயரால் பைன் நோய் என்கிறார்கள். உண்மையில் அமிலம் சுண்ணாம்பைத் தின்பதால் விளையும் உப்பு அது. ஓக் மரம், புது ஒட்டுப்பலகை, சில வகைப் பசைகள் எல்லாம் இந்த ஆவியை விடும். பழமையான தேக்குப் பேழையில் சங்கு அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் அங்கே வைக்காதீர்கள். உலோகம் அல்லது கண்ணாடித் தட்டு போதும். ஈயத்தின் வெண்பொடி நஞ்சு, ஊதித் தட்டக் கூடாது.

கடலில் கிடந்த மட்பாண்டத்தின் நுண்துளைகளில் உப்பு தங்கியிருக்கும். ஈரப்பதம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உப்பு கரைந்து, மீண்டும் படிகமாகி, மேற்பூச்சை உள்ளிருந்து உந்தித் தள்ளும். இதற்குத் தேவை மாறாத ஈரப்பதம். அளவு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. காகிதம், துணி, ஓவியம் ஆகியவற்றுக்கு 45 முதல் 60 சதவீதம் சரி. 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும்.

கையுறை பற்றி ஒரு சொல். உலோகம், புகைப்படம், அரக்குப் பூச்சு இவற்றுக்கு நைட்ரில் கையுறை அவசியம். காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே மேல்; விளிம்பு கிழிவது கையுறையில் உணரப்படாது. வழுக்கும் பீங்கானுக்குப் பருத்திக் கையுறை போடவே போடாதீர்கள்.

5. பேழை

பேழையின் தரம் அதன் விளிம்பில் இருக்கிறது. கதவின் சுற்றிலும் சிலிக்கோன் பட்டை ஒட்டி, அடைத்தபின் ஒரு தாள் துண்டைச் செருகிப் பாருங்கள். தாள் எங்கும் நழுவி நுழையக் கூடாது. உள்ளே பூசிய வண்ணம் முழுதாக ஆவி விட்டுத் தீர நான்கு வாரம் திறந்து வையுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பூசிய பேழைதான் பின்னாளில் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

துணி, பலகை, பசை போன்றவை பொருளுக்குத் தீங்கு செய்யுமா என்று அறிய ஆடி (Oddy) என்பவரின் பெயரால் வழங்கும் சோதனை உண்டு. சோதிக்கும் பொருளையும் வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளையும் சிறிது தண்ணீரோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பது. தகடுகளில் நிறமாற்றம் இருந்தால் அந்தப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1973இல் வகுத்த முறை இது. இதைச் செய்ய வசதி இல்லையென்றால், அமிலமற்ற அட்டை, துவைத்த சாயமிடாத பருத்தித் துணி, பாலிஎத்திலீன் நுரை, மைலார் என்ற பாலியெஸ்டர் தாள் என்று தெரிந்த பொருள்களோடு நின்றுகொள்ளுங்கள். பிவிசி, கம்பளி, மெத்தைக்குப் போடும் பஞ்சு நுரை மூன்றும் வேண்டாம்.

பேழைக்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது சிலிக்கா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகள். அதற்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய கைக்கணக்கு. 1.2 மீட்டர் நீளம், 0.6 அகலம், 0.4 உயரம் உள்ள பேழையின் கொள்ளளவு 0.288 கன மீட்டர். ஏறக்குறைய ஆறு கிலோ தேவை. மூட்டையாகக் கொட்டாமல், பொருளுக்கு அடியில் துளையிட்ட தட்டில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புங்கள். அடியில் கிடக்கும் மணிகள் காற்றையே பார்க்காவிட்டால் பயனில்லை. நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். நீல நிறத்தில் உள்ள கோபால்ட் குளோரைடு உடல்நலத்துக்குக் கேடு. நிறம் மாறியதும் 110 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து, ஆறியபின் மூடிய பாத்திரத்தில் எடுத்து வாருங்கள். இரும்புக்கு முழுதும் உலர்ந்த ஜெல் வேண்டும். காகிதப் பேழைக்கு, 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் முன்பே வைத்துப் பழக்கிய ஜெல் வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் காகிதம் நொறுங்கும், இரும்பு துருப்பிடிக்கும்.

6. மாட்டுவதும் வெளிச்சமும்

கடலைப் பார்த்த வெளிச்சுவரில் ஓவியம் மாட்டாதீர்கள். வேறு வழியில்லையென்றால் சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்றிடம் விடுங்கள். பின்புறத்தை அட்டையால் மூடுங்கள். ஆணி, கொக்கி, கம்பி எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். சாதாரண எஃகுக் கம்பி உப்புக்காற்றில் உள்ளிழையிலிருந்து அறுந்துகொண்டே வரும், வெளியே தெரியாது.

படத்தின் மையம் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் இருப்பது நல்ல உயரம். சக்கர நாற்காலியில் வருவோரும் குழந்தைகளும் மிகுதியென்றால் 140 ஆக்கலாம். ஆணியின் உயரத்துக்குக் கணக்கு இது: மைய உயரத்தோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, இழுத்துப் பிடித்த கம்பி சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 60 சென்டிமீட்டர் உயரப் படம், கம்பி 8 கீழே என்றால் 150 + 30 − 8 = 172. பேழைகளுக்கு இடையே வழி 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி திரும்பும் இடத்தில் 150 வேண்டும்.

வெளிச்சச் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. பொருள்மீது விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நீர்வண்ணம், வரைபடம், துணி, புகைப்படத்துக்கு 50 லக்ஸ். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. கல், உலோகம், மட்பாண்டத்துக்கு வெளிச்சத்தால் தீங்கில்லை, வெப்பத்தை மட்டும் கவனித்தால் போதும். கணக்கை லக்ஸ்-மணியில், அதாவது லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிப் போடுங்கள். 50 லக்ஸ், நாளுக்கு 8 மணி, 90 நாள் என்றால் 36,000. விளக்கை 200 லக்ஸுக்கு ஏற்றினால் அதே 36,000 இருபத்திரண்டரை நாளில் தீர்ந்துவிடும். ஐயம் இருந்தால், வெளிச்சத்தில் வெளுக்கும் சாயமிட்ட நீலக் கம்பளித் துணி ஒட்டிய சோதனை அட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடிப் படத்தருகே அதே வெளிச்சத்தில் வையுங்கள். திறந்த பாதி வெளுத்தால் வெளிச்சம் மிகுதி.

கடலோரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று: மணலும் கடலும் கண்ணைக் கூச வைக்கும் வெயிலிலிருந்து நேரே 50 லக்ஸ் அறைக்குள் வருபவர் "ஒன்றுமே தெரியவில்லை" என்பார். விளக்கை ஏற்றுவது விடையல்ல. வாசலருகே நங்கூரம், சங்கிலி, மட்பாண்டம் என்று நல்ல வெளிச்சம் தாங்குபவற்றை வையுங்கள். அதற்கடுத்து எண்ணெய் ஓவியங்கள். காகிதம் கடைசி அறையில். அங்கே சேரும்போது கண் பழகியிருக்கும். கடைசி அறையின் சுவர் வெள்ளையாக இல்லாமல் நடுத்தரச் சாம்பலாகவோ கருநீலமாகவோ இருந்தால் அதே 50 லக்ஸில் படம் தெளிவாகத் தெரியும்.

வாசலில் நீளமான மிதியடி போடுங்கள், நாலைந்து எட்டு எடுத்து வைக்கும் அளவுக்கு. மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. பேழையின் அக்ரிலிக் மூடியை உலர்ந்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். முதலில் மென்தூரிகையால் மணலை நீக்கி, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள்.

7. விளக்க அட்டை

பொருளுக்குப் பக்கத்தில் 40 சொல், சுவர்ப்பலகையில் 100 சொல். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் அதற்குமேல் போனால் யாரும் படிப்பதில்லை. எழுத்து 20 புள்ளிக்குக் குறையக் கூடாது. மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்துகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க வரியிடைவெளி ஒன்றரை மடங்கு விடுங்கள். முதல் வாக்கியம் கண்முன் இருப்பதைச் சுட்ட வேண்டும்: "துடுப்பின் இடப்பக்கம் தேய்ந்திருப்பதைப் பாருங்கள்" என்று தொடங்கினால் பார்வை பொருளுக்குத் திரும்பும். பொருளின் பெயரில் கரைமக்கள் சொல்லும் வழக்கையே முதலில் எழுதுங்கள். இரவல் தந்தவர் தம் பெயரைப் போட விரும்புகிறாரா என்று கேட்டுவிட்டே அச்சிடுங்கள். அச்சுக்குப் போகுமுன், கூடத்தைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

8. திறந்த பிறகு

வாரம் ஒருமுறை, அதே நாளில், அதே ஆள் சுற்றிவர வேண்டும். ஈரப்பத அளவு, ஜெல்லின் நிறம், ஒட்டுப்பொறியில் சிக்கிய பூச்சிகள், இரும்பில் துளி, வெண்கலத்தில் பொடி, சட்டங்களின் பின்புறம் பூஞ்சை என்று ஒரே பட்டியல் போதும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் மெல்ல வரும் மாற்றம் யார் கண்ணிலும் படாது.

புயலுக்கு முன்பே திட்டம் எழுதியிருக்க வேண்டும். தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். முதலில் தூக்க வேண்டிய பத்துப் பொருள்களின் பட்டியலும் அவை இருக்கும் இடத்தின் வரைபடமும் கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதியாக இருக்கட்டும். நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கும். அதற்குள் உலர்த்த முடியாததைப் பையிலிட்டு உறைய வைத்துவிட்டால் நிதானமாகச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

கண்காட்சி முடிந்ததும், வந்த நாளின் நிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் ஒப்பிடுங்கள். இரவல் பொருளை உரியவர் முன்னிலையில் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நம் சொந்தச் சேகரிப்பின் காகிதப் பொருள்களுக்கு, இந்த முறை எத்தனை லக்ஸ்-மணி வெளிச்சம் பட்டது என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பொருளின் எண்ணுக்கு எதிரே எழுதி, எந்த ஆண்டுவரை மீண்டும் காட்டக் கூடாது என்றும் குறித்துவிடுங்கள். அடுத்து வருபவர் அதே நீர்வண்ணத்தைக் கேட்டால் நகலை எடுத்துக் கொடுக்கலாம்.